'மிஷின்மேன், சிவகாசி!' – சென்னையின் முதல் காமிக் கானில் அப்பாவுடன் ஒரு நாள்

"புத்தகக் கண்காட்சிக்குத்தானே போறோம்?"

ஆலந்தூர் மெட்ரோ ஸ்டேஷனில் எஸ்கலேட்டர் இறங்கும்போது அப்பா மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"இல்லப்பா. அது நந்தனம். இது நந்தம்பாக்கம்."

"பேரை இப்படிப் பக்கத்துப் பக்கத்துல வச்சா வெளியூர்க்காரன் என்னத்தப் பாப்பா செய்வான்?"

அப்பாவின் கேள்வியில் நியாயம் இருந்தது. சென்னையில் இரண்டு வருடங்களாக இருக்கும் நானே, வந்த புதிதில் நந்தனம் போவதற்குப் பதிலாக நந்தம்பாக்கம் போய் நின்றவள்தான். அந்தக் கதையை அப்பாவிடம் சொல்லவில்லை.

2024 பிப்ரவரி 17, சனிக்கிழமை. நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் சென்னையின் முதல் காமிக் கான். நகரத்துக்கு மட்டுமல்ல, எனக்கும் அதுதான் முதல் முறை. அலுவலகத்தில் எனக்கு பிரஸ் பாஸ் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். மாலை ஆறு மணிக்குள் ஸ்டோரி ஃபைல் செய்ய வேண்டும். என் ஆசை வேறு. கல்லூரிக் காலத்திலிருந்து விழுந்து விழுந்து படிக்கும் ஒரு காமிக்ஸ் படைப்பாளி வருகிறார். அவரை நேரில் பார்த்து, கையெழுத்து வாங்கி, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. காரணம் பின்னால் வரும்.

அப்பா இந்தத் திட்டத்திலேயே கிடையாது. சிவகாசியிலிருந்து கண் ஆபரேஷனுக்காக சென்னை வந்திருந்தார். வலது கண்ணில் புரை எடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வெளியே போய்வரலாம், கறுப்புக் கண்ணாடி மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சைதாப்பேட்டையில் நானும் தோழியும் இருக்கும் ஒற்றை அறை வீட்டில், டி.வி-கூட இல்லாமல் ஒரு சனிக்கிழமை முழுக்க அவரை உட்கார வைக்க மனசு வரவில்லை. டிக்கெட் எடுத்துக் கூட்டிக்கொண்டு போனேன். விலையைப் பாதியாகத்தான் சொன்னேன். அந்தப் பாதிக்கே, "இந்தக் காசுக்கு ஒரு மாசம் பேப்பர் வாங்கலாம்" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கூட்டிப் போவதில் கொஞ்சம் கூச்சமும் இருந்தது. நான் ஜீன்ஸும் அனிமே டி-ஷர்ட்டும் போட்டிருந்தேன். அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, காதுவரை மூடும் கறுப்புக் கண்ணாடி, கையில் மஞ்சள் பை. அதற்குள் சொட்டு மருந்து, தண்ணீர் பாட்டில், ஒரு டப்பா சேவு.

கோட் சூட் போய், கேப் வந்தது!

மெட்ரோ தூண்கள் எழும்பிக்கொண்டிருக்கும் மவுன்ட் - பூந்தமல்லி சாலையில் ஆட்டோ ஊர்ந்து ஊர்ந்து வாசலில் இறக்கிவிட்டது. ஒரு மாதத்துக்கு முன்புதான் இதே வளாகத்தில் உலக முதலீட்டாளர்கள் மாநாடு நடந்தது. அன்று கோட் சூட் போட்டவர்கள் நடந்த பாதையில் இப்போது ஸ்பைடர்மேன்கள் வரிசையில் நின்று வேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஸ்பைடர்மேனின் அம்மா முகமூடியைத் தூக்கி, டம்ளரில் மோர் புகட்டிக்கொண்டிருந்தார்.

காமிக் கான் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: இது காமிக்ஸ், சினிமா, அனிமே, வீடியோ கேம் ரசிகர்களின் திருவிழா. உலகிலேயே பெயர் பெற்றது அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் நடப்பது. 1970 ஆகஸ்ட்டில் ஒரு ஹோட்டலில் சுமார் 300 பேரோடு தொடங்கியது, இன்று ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேரை ஈர்க்கும் அளவுக்கு வளர்ந்து நிற்கிறது. இந்தியாவில் 2011-ல் டெல்லியின் 'தில்லி ஹாட்' சந்தையில் முதல் காமிக் கான் நடந்தது. சென்னைக்கு வந்து சேர மேலும் 13 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

பிடித்த கதாபாத்திரமாக வேடமிட்டு வருவதற்கு 'காஸ்ப்ளே' என்று பெயர். இது புதுப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். 1939-ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கே ஃபாரெஸ்ட் ஆக்கர்மேன், மிர்ட்டில் டக்ளஸ் என்ற இரண்டு ரசிகர்கள் எதிர்கால மனிதர்கள்போல உடையணிந்து வந்தார்கள். இருவர் உடையையும் தைத்தவர் மிர்ட்டில்தான். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "நம்ம ஊர்ல பத்ரகாளி கோயில் பொங்கலுக்கு வேஷம் கட்டுறதில்லையா, அது மாதிரிதானே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

உள்ளே நுழைந்ததும் டிக்கெட்டுக்கு ஒரு காமிக்ஸ் இதழும் போஸ்டரும் கொடுத்தார்கள். அப்பா போஸ்டரைப் பார்க்கவில்லை. விரல்களுக்கிடையில் தாளை வைத்துத் தேய்த்தார். "நூத்தி முப்பது ஜி.எஸ்.எம். இருக்கும். ஆர்ட் பேப்பர்" என்றார்.

அது அப்பாவின் பழக்கம். 34 வருடங்கள் சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ்ஸில் மிஷின்மேனாக இருந்தவர். காலண்டர், பட்டாசு லேபிள், தீப்பெட்டி லேபிள், குழந்தைப் புத்தக அட்டை என்று அவர் கை படாத தாள் இல்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட, மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் அச்சைத்தான் பார்ப்பார்.

"எந்த யுனிவர்ஸ் அங்கிள்?"

ஹாலுக்குள் நாங்கள் பத்தடி போயிருக்க மாட்டோம். ஆரஞ்சு உடையில் நருட்டோவாக வந்திருந்த ஒரு பையன் அப்பாவை மறித்தான். பத்தாம் வகுப்பு படிப்பான்.

"அங்கிள், ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? செம லுக்! நீங்க எந்த கேரக்டர்?"

அப்பாவுக்குப் புரியவில்லை. என்ன வேலை என்று கேட்கிறான் என நினைத்துவிட்டார்.

"மிஷின்மேன்" என்றார்.

"வாவ்! எந்த யுனிவர்ஸ் அங்கிள்? மார்வெலா, டி.சி-யா?"

"சிவகாசி."

பையன் ஒரு கணம் யோசித்துவிட்டு, "இண்டி காமிக்ஸா? சூப்பர் அங்கிள்!" என்று தோளில் கை போட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டு போனான். நான் சிரித்து முடிக்க இரண்டு நிமிடம் ஆனது. அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "நல்ல பையன். மரியாதையா பேசுறான்" என்றார்.

காமிக்ஸ் அப்பாவுக்குப் புதிதல்ல. 1972-ல் 'முத்து காமிக்ஸ்' வந்தபோது அவர் சின்னப் பையன். சிவகாசியிலிருந்தே வந்த புத்தகம். இரும்புக்கை மாயாவிதான் அப்பா காலத்துப் பையன்களுக்கு எல்லாம். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் அந்த ஹீரோ, இங்கிலாந்துக் காமிக்ஸில் பிறந்து தமிழுக்கு வந்தவர். "நானும் மறையணும்னு பிளக்குல கைய வைக்கலாம்னு இருந்தேன். அப்ப எங்க வீட்ல கரன்டே கிடையாது. தப்பிச்சேன்" என்று ஹாலில் நடந்துகொண்டே சொன்னார். இத்தனை வருடத்தில் இதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

ஐம்பது நிமிட வரிசை

என் ஆள் வந்துவிட்டார் என்று அறிவிப்பு கேட்டது. அதற்குள் வரிசை வளைந்து வளைந்து போயிருந்தது. அப்பாவை ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்தேன். "இங்கயே இருங்கப்பா. நகரக் கூடாது. அரை மணி நேரத்துல வந்துடுவேன்."

சின்ன வயதில் திருவிழாவில் அவர் என்னிடம் சொன்ன அதே வார்த்தைகள்!

பிடித்தவர்களைப் பார்க்க வரிசையில் நிற்பது நமக்குப் பழகிய விஷயம்தான். 2017-ல் கோடம்பாக்கம் ராகவேந்திரா மண்டபத்தில் ரஜினியோடு போட்டோ எடுக்க மாவட்டம் மாவட்டமாக ரசிகர்கள் வந்து நின்றார்கள். இங்கேயும் அதே தவிப்புதான். எனக்கு முன்னால் ஓசூரிலிருந்து வந்த இரண்டு அக்கா தங்கை. பின்னால் வேலூரிலிருந்து மகனைக் கூட்டிவந்த ஒரு டீச்சர். என்ன பேசுவது என்று எல்லோரும் வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஆங்கிலத்தில் மூன்று வாக்கியங்கள் தயார் செய்திருந்தேன். 'நான் சென்னையிலிருந்து வருகிறேன். உங்களுடைய பெரிய ரசிகை. கல்லூரியில் நான் தனியாக இருந்த நாள்களில் உங்கள் புத்தகம்தான் துணை.' மூன்றாவது வாக்கியத்துக்காகத்தான் இந்த ஐம்பது நிமிடமும்.

என் முறை வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். நான் வாயைத் திறந்தேன்.

"ஐ ஆம் யுவர் சென்னை."

அவ்வளவுதான். மற்ற இரண்டு வாக்கியங்களும் எங்கே போயின என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் மிகவும் நல்ல மனிதர். "தேங்க் யூ, சென்னை" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். போட்டோவில் நான் கண்ணை மூடியிருக்கிறேன். அவர் பெயரை ஏன் எழுதவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். இந்தக் கட்டுரை எப்படியாவது அவர் கண்ணில் பட்டு, 'அந்தச் சென்னை இதுதானா' என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது?

மொத்தம் 20 நொடிகள் இருக்கும். ஏமாற்றம் இல்லை. ஆனால், ஏதோ சொல்லாமல் விட்டுவிட்ட பாரத்தோடு திரும்பினேன்.

நாற்காலியில் அப்பா இல்லை.

மேஜைக்குப் பின்னால் அப்பா

போன் அடித்தேன். எடுக்கவில்லை. அந்தச் சத்தத்தில் எங்கே கேட்கப்போகிறது? ஒரு கண் ஆபரேஷன் செய்தது, இன்னொரு கண்ணில் புரை. கூட்டத்தில் யாராவது இடித்துவிட்டால்? ஒரு அட்டை வாள் கண்ணில் பட்டுவிட்டால்? சாப்பாட்டுக் கடைகள் பக்கம் ஓடினேன். டாய்லெட் வாசலில் நின்று பார்த்தேன். மேடையில் காஸ்ப்ளே போட்டிக்குப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எதுவும் காதில் ஏறவில்லை.

கடைசியில் ஓவியர்களும் சொந்தமாகப் புத்தகம் போடுபவர்களும் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் வரிசையில் அந்த மஞ்சள் பை கண்ணில் பட்டது. அப்பா மேஜைக்கு முன்னால் இல்லை. பின்னால், கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கடைக்காரப் பெண் பக்கத்தில் நின்று கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இடது கண்ணை உள்ளங்கையால் மூடி, ஒரு காமிக்ஸ் புத்தகத்தை விளக்குக்கு நேராகப் பிடித்திருந்தார்.

"இந்தப் பாட்டி சேலை ஓரத்துல பாரும்மா. கறுப்புக் கோட்டுக்கு வெளிய ரோஸ் எட்டிப் பாக்குதா? மெஜந்தா தள்ளி உக்காந்திருக்கு."

"பிரஸ்ல கேட்டேன் அங்கிள். இதெல்லாம் யாருக்கும் தெரியாதுன்னு சொல்லிட்டாங்க."

"தெரியும். சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான்."

அந்தப் பெண் கோவைக்காரர். என் வயதுதான் இருக்கும். பகலில் ஐ.டி வேலை, இரவில் காமிக்ஸ். இறந்துபோன பாட்டி பேயாக வந்து பேத்தியின் சமையலைத் திருத்தும் கதை. சேமித்த பணத்தில் 500 பிரதிகள் அடித்திருக்கிறார்.

விஷயம் இதுதான். கலர் அச்சு என்பது நான்கு மைகளின் கூட்டு: சியான் எனும் நீலம், மெஜந்தா எனும் ரோஸ், மஞ்சள், கறுப்பு. ஒவ்வொன்றுக்கும் தனி பிளேட். நான்கும் தாளில் ஒன்றன்மேல் ஒன்று துல்லியமாக உட்கார வேண்டும். ஒரு மயிரிழை விலகினாலும் படத்தின் ஓரத்தில் வேறு நிறம் தலைகாட்டும். இதைச் சரியாக உட்கார வைப்பதும், மை கூடாமல் குறையாமல் பார்த்துக்கொள்வதும்தான் மிஷின்மேனின் வேலை.

அப்பா சொல்லச் சொல்ல அந்தப் பெண் போனில் குறித்துக்கொண்டார். ஓவியத்தின் கோடுகளைக் கறுப்பு பிளேட்டில் மட்டும் வை, நாலு மையையும் கலந்து கறுப்பு ஆக்காதே. பிளேட் கொஞ்சம் அசைந்தாலும் கோடு மங்கிவிடும். அச்சுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகாதே, மிஷின் ஓடும்போது பக்கத்தில் நில். முதலில் விழும் தாள்களைப் பார்த்துப் பயப்படாதே, மையும் தண்ணீரும் ஒன்றுக்கொன்று பழக நேரம் ஆகும். கலர் சரியாக வந்த தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடு, மற்றதெல்லாம் அதுபோல வர வேண்டும் என்று கேள். "தாளுக்கும் மரத்துக்கும் ஒரே குணம்தாம்மா. நார் ஓடுற பக்கம்தான் மடங்கும். எதிர்ப்பக்கம் மடிச்சா புத்தக முதுகு வெடிச்சுரும்."

"அடுத்த புத்தகத்தை மே மாசம் சிவகாசியிலேயே அடிச்சா நீங்க வந்து மிஷின் பக்கத்துல நிப்பீங்களா அங்கிள்?"

அப்பா புத்தகத்தை மூடி வைத்தார். "ஒரு கண்ணுதாம்மா வேலை செய்யுது" என்றார்.

அதன் பின்னால் இருக்கும் கதை எனக்குத் தெரியும். இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு கிருஷ்ணர் காலண்டர். புரை விழுந்த கண்ணுக்கு எல்லாமே மஞ்சளாகத் தெரிந்ததில், நீலம் போதவில்லை என்று நினைத்து ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். எட்டாயிரம் தாள். முதலாளி திட்டவில்லை. "சாமிதானே அண்ணே, கூடக் கொஞ்சம் நீலமா இருந்துட்டுப் போகட்டும்" என்றாராம். அந்தச் சொல்தான் அப்பாவை உடைத்தது. அடுத்த திங்கள்கிழமை முதல் பிரஸ்ஸுக்குப் போகவில்லை. கண் ஆபரேஷனுக்கே ஒரு வருடம் கெஞ்சிக் கூட்டிவந்தோம். வலது கண் முடிந்ததும், "ஒண்ணு போதும். இனிமே எதைப் பாக்கப்போறேன்?" என்று இடது கண்ணுக்கு மறுத்துவிட்டார்.

கோவைப் பெண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. அவர் சொன்னார்: "ரெண்டு கண்ணும் நல்லா இருக்கிற பத்துப் பேரு இந்தப் புக்கை அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் பாத்தாங்க அங்கிள். ஒருத்தரும் பாட்டி சேலையைக் கவனிக்கல."

அப்பா பதில் பேசவில்லை. இரண்டு பிரதிகள் வாங்கினார். அந்தப் பெண் காசு வேண்டாம் என்று எவ்வளவோ மறுத்தும் மேஜையில் வைத்துவிட்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒரு கையெழுத்துப் போட்டுக் குடும்மா" என்று கேட்டார். என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "முப்பத்தி நாலு வருஷமா எத்தனையோ படம் அடிச்சிருக்கேன். வரைஞ்ச ஆளு ஒருத்தரையும் நேர்ல பாத்ததில்ல பாப்பா."

நான் ஐம்பது நிமிடம் நின்றும் சொல்ல முடியாமல்போன மூன்றாவது வாக்கியத்தை அப்பா வரிசையே இல்லாத ஒரு மேஜையில் சொல்லிவிட்டார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

அடுத்த முறை குடும்பத்தோடு போக நினைப்பவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள். காலையிலேயே போய்விடுங்கள். பழகிய செருப்போ ஷூவோ போடுங்கள், நடை அதிகம். காஸ்ப்ளே செய்தவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், தொடாதீர்கள்; கேட்டால் சந்தோஷமாக நிற்கிறார்கள். குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போனால், தொலைந்தால் சந்திக்கும் இடம் ஒன்றை முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். 'நகரக் கூடாது' என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை. முக்கியமாக, பெரிய விருந்தினரின் வரிசையிலேயே நாள் முழுவதையும் செலவழித்துவிடாதீர்கள். ஓவியர்களின் மேஜைகளில் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், நீங்கள் ரசித்ததை வரைந்தவர்கள். அவர்களுக்கும் பேச ஆள் வேண்டும்.

திரும்பும்போது மெட்ரோவில் இடம் கிடைத்தது. நான் போனில் ஸ்டோரி அடித்துக்கொண்டிருந்தேன். அப்பா பாட்டிப் பேய்ப் புத்தகத்தைத் திறந்து வலது கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு இடது கண்ணை மூடிப் பார்த்தார். கிண்டி தாண்டியது.

"இடது கண்ணுக்கு டாக்டர் எப்ப வரச் சொன்னாரு?"

நான் டைப் அடிப்பதை நிறுத்தினேன். "ஏப்ரல் கடைசியிலகூட வரலாம்னு சொன்னாருப்பா. நீங்கதான் வேண்டாம்னுட்டீங்க."

"அதுக்கு முன்னாடியே வரலாமான்னு கேளு. அந்தப் பொண்ணு மே மாசம் பிரஸ்ஸுக்குப் போகுதாம்."